பெட்டியை விடுங்கள், நாணயத்தைப் பாருங்கள்: நினைவு நாணயம் சேர்க்கத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

சுங்கை சிப்புட்டில் இரவுச் சந்தை கூடும் நாளில் சுற்றி வந்தால், கைப்பேசி உறைகளுக்கும் பழைய கைக்கடிகாரங்களுக்கும் நடுவே வெல்வெட் பெட்டிகளில் நாணயங்கள் மின்னுவதைக் காணலாம். ஃபேஸ்புக் நேரலை ஏலங்களில் இன்னும் அதிகம். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் பால் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் சேர்த்த சேமநிதிப் பணத்தில் பேரப்பிள்ளைக்கென்று “தங்க நாணயம்” வாங்கி வைத்துவிட்டு, நகைக்கடைத் தராசில் அது முலாம் பூசிய பித்தளை என்று தெரிந்து வாடிப்போனவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

அவர்களில் பலர் வாங்கியது கள்ள நாணயம் அல்ல என்பதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். “தங்க முலாம்” என்று பெட்டியின் அடியில் சிறிய எழுத்தில் இருந்திருக்கும். “நினைவுப் பதக்கம்” என்று சான்றிதழில் அச்சாகியிருக்கும். விற்றவர் வாயால் பொய் சொல்லியிருக்க மாட்டார். வாங்குகிறவரே தவறாக எண்ணிக்கொள்ளும்படி பேசியிருப்பார். ஆகவே, பெயராலோ எண்ணாலோ மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். வெளியிட்டவர் யார், என்ன உலோகம், எத்தனை கிராம், மற்றவர்கள் என்ன விலை கொடுத்தார்கள்? கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கேள்விகளிலிருந்து பிறந்தவைதான்.

படி 1: வெளியிட்டவர் யார்?

நாணயம் என்றால் அதில் ஒரு நாட்டின் பெயரும் முகமதிப்பும், அதாவது அதன்மேல் பொறித்த பணமதிப்பும், இருக்க வேண்டும். மலேசியாவில் அதை வெளியிடும் உரிமை மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கு மட்டுமே உண்டு. நாட்டின் முதல் நினைவு நாணயம் 1969இல் அந்த வங்கியின் பத்தாம் ஆண்டு நிறைவுக்காக வந்த 1 ரிங்கிட். துங்கு அப்துல் ரஹ்மானின் உருவம் கொண்டது. அதன்பின் வந்த ஒவ்வொன்றுக்கும் அறிவிப்பு, உலோகம், எடை எல்லாம் பதிவில் இருக்கின்றன. விற்பவர் காட்டும் நாணயம் பேங்க் நெகாராவின் இணையத்தளத்திலோ நுமிஸ்டா போன்ற இணைய நாணயப் பட்டியலிலோ இல்லையென்றால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

முகமதிப்பு இல்லாமல் தலைவர் படமோ சாமி படமோ மட்டும் இருந்தால் அது பதக்கம். பதக்கம் வாங்குவது தவறில்லை. தீபாவளிக்கு நகைக்கடையில் லட்சுமி படம் பொறித்த 999 வெள்ளி (ஆயிரத்தில் 999 பங்கு தூய வெள்ளி) வாங்குகிறோம். அது பதக்கம்தான், ஆனால் எடைக்கு எடை விலை சொல்லித் தருகிறார்கள். எந்த எடையும் சொல்லாமல், “அரிய நாணயம்” என்ற பெயரில் பதக்கத்தை விற்கும்போதுதான் வாங்குகிறவர் ஏமாறுகிறார்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நியுவே, குக் தீவுகள், துவாலு ஆகியவற்றின் பெயரில் வரும் வண்ணமயமான நாணயங்கள் சட்டப்படி நாணயங்களே. சேகரிப்போருக்கென்றே, தனியார் நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்து வெளியிடப்படுபவை அவை. கார்ட்டூன் பாத்திரம், சீன ராசி விலங்கு என்று எதுவும் அவற்றில் இருக்கும். பிடித்தால் வாங்கலாம். “அரசாங்க நாணயம், விலை ஏறிக்கொண்டே போகும்” என்ற பேச்சை நம்பி மட்டும் வாங்காதீர்கள்.

பழகிப் பார்க்க நான் எல்லோருக்கும் சொல்வது 1977இல் வந்த 1 ரிங்கிட் நாணயம். இயற்கை ரப்பரின் நூறாண்டு நிறைவுக்காக வெளியிடப்பட்டது. 1877இல் ரப்பர் கன்றுகள் வந்து ஊன்றப்பட்ட கோலாகங்சார் நமக்கு அடுத்த ஊர்தான். ஆரம்பகால மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. நம் பாட்டன் பூட்டன் வாழ்க்கையையே தீர்மானித்த மரத்துக்கான நாணயம் இது. விலையும் கைக்கு எட்டும். பட்டியலில் தேடுவது, எடை பார்ப்பது, விலை ஒப்பிடுவது ஆகிய எல்லாவற்றையும் இதை வைத்துப் பழகிக்கொள்ளலாம்.

படி 2: உலோகத்தின் பெயரைக் கவனியுங்கள்

தடுமாற்றம் அதிகம் நேர்வது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள்.

பேங்க் நெகாராவின் நினைவு நாணயங்கள் அண்மைக் காலத்தில் பெரும்பாலும் மூன்று உலோகங்களில் வருகின்றன. தங்கம் 100 ரிங்கிட், வெள்ளி 10 ரிங்கிட், நோர்டிக் கோல்டு 1 ரிங்கிட் என்பது வழக்கமான முகமதிப்பு. இந்த நோர்டிக் கோல்டில் தங்கம் துளியும் இல்லை. செம்பு 89 விழுக்காடு, அலுமினியமும் துத்தநாகமும் தலா 5, வெள்ளீயம் 1. ஐரோப்பாவின் 10, 20, 50 சென்ட் நாணயங்களும் இதே கலவைதான். பேங்க் நெகாரா இதை மறைப்பதில்லை. மறுவிற்பனையில் “கோல்டு” என்ற சொல் மட்டும் பெரிதாகி, “பேங்க் நெகாரா கோல்டு காயின்” என்று போய்விடுகிறது. நம் வீட்டுக் குத்துவிளக்கிலும் குங்குமச் சிமிழிலும் இருக்கும் ஜெர்மன் சில்வரில் வெள்ளி இல்லாதது போலத்தான் இதுவும்.

இன்னொன்று, பழைய வெண்ணிற நாணயங்கள். மேலே சொன்ன 1969ஆம் ஆண்டு 1 ரிங்கிட், 1971இல் துங்கு உருவத்தோடு வந்த பெரிய 5 ரிங்கிட் இரண்டும் செம்பும் நிக்கலும் கலந்தவை. வெள்ளி அல்ல. கனமாக, பளிச்சென்று இருப்பதால் வெள்ளி என்று சொல்லி விற்கிறார்கள். 1976இல் வனவிலங்குப் பாதுகாப்புக்காக வந்த 15 ரிங்கிட்டும் 25 ரிங்கிட்டும் உண்மையான வெள்ளி. அவற்றில் ஒன்றில் காட்டெருது, மற்றொன்றில் இருவாச்சிப் பறவை இருக்கும். ஆண்டையும் முகமதிப்பையும் பட்டியலில் ஒப்பிட்டால் இந்த வேறுபாடு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முலாம் விஷயத்துக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 40 மி.மீ. விட்டமுள்ள ஒரு பதக்கத்தின் இரு முகங்களும் விளிம்பும் சேர்ந்து ஏறக்குறைய 29 சதுர செ.மீ. பரப்பு. அதன்மேல் 0.1 மைக்ரான் (ஒரு மி.மீ.யில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் தங்கம் பூசினால் செலவாகும் தங்கம் சுமார் 6 மில்லிகிராம். ஒரு கிராமில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. “24 கேரட் தங்கம் பூசியது” என்ற வாசகத்தில் 24 என்பது அந்த மெல்லிய பூச்சின் தூய்மையைத்தான் சொல்கிறது. எவ்வளவு தங்கம் என்பதைச் சொல்வதே இல்லை. பெட்டியில் “முலாம்”, “பூச்சு”, “கிளாட்”, “லேயர்டு”, “எச்.ஜி.இ.” என எது இருந்தாலும் பொருள் ஒன்றே: உள்ளே வேறு உலோகம்.

உண்மையாகவே தங்கம் சேர்க்க நினைப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2001 ஜூலையில் அறிமுகமான கிஜாங் எமாஸ் என்ற தங்க நாணயம் 999.9 தூய்மை கொண்டது. ஒரு அவுன்ஸ், அரை, கால் என மூன்று எடைகளில் வருகிறது. அதன் விற்பனை விலையையும் திரும்ப வாங்கும் விலையையும் பேங்க் நெகாரா நாள்தோறும் வெளியிடுகிறது. நினைவு நாணயத்தையும் தங்கச் சேமிப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படி 3: தராசும் ஒரு குவளைத் தண்ணீரும்

0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு, விட்டம் அளக்கும் காலிப்பர், ஒரு காந்தம், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் போதும். எதுவும் பெரிய விலை இல்லை.

வீட்டில் கிடக்கும் பழைய பிரிட்டிஷ் வர்த்தக டாலரை எடுத்துக்கொள்வோம். சூலாயுதமும் கேடயமும் ஏந்திய பெண் நிற்பாள். பின்புறம் சீன, ஜாவி எழுத்துகள் இருக்கும். 900 தூய்மை வெள்ளி, எடை 26.95 கிராம், விட்டம் 39 மி.மீ. சந்தையில் இதன் போலிகள் ஏராளம். முதலில் காந்தத்தை அருகில் கொண்டு செல்லுங்கள். ஒட்டினால் போலி. ஒட்டாவிட்டால் எடை பாருங்கள். பல கைகள் மாறித் தேய்ந்த நாணயம் சற்றே குறையலாம். இரண்டு மூன்று கிராம் குறைந்தால் சந்தேகப்படுங்கள்.

எடையும் சரியாக இருந்தால் தண்ணீர்ச் சோதனை. குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசின்மேல் வைத்து, எண்ணைச் சுழியமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் நாணயத்தின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 26.95 கிராம் உண்மையான நாணயத்துக்குத் தராசு 2.6 அளவில் காட்டும். அடர்த்தி ஏறக்குறைய 10.3 வரும். பித்தளையாக இருந்தால் 3.1க்கு மேல் காட்டும். அடர்த்தி எட்டரை அளவில்தான் நிற்கும். செம்பும் நிக்கலும் என்றால் 8.9.

இந்தச் சோதனையைத் தேய்ந்த பழைய நாணயங்களுக்கு மட்டும் செய்யுங்கள். உறைக்குள் இருக்கும் புரூஃப் வகை நாணயத்தை, அதாவது சேகரிப்போருக்கென்று மெருகேற்றி அச்சிட்டதை, வெளியே எடுக்கவே கூடாது. கண்ணாடி போன்ற அதன் பரப்பில் விரல் ரேகை பட்டாலே மதிப்பு போய்விடும். எந்த நாணயத்தையும் புளியோ பற்பசையோ போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பாக்கப்பட்ட பழைய நாணயத்தைச் சேகரிப்போர் குறைந்த விலைக்கே கேட்பார்கள்.

தங்கத்துக்குத் தண்ணீர்ச் சோதனை மட்டும் போதாது. டங்ஸ்டனின் அடர்த்தி தங்கத்தை ஒட்டியே இருக்கிறது. எக்ஸ்ரே கருவி வைத்திருக்கும் நகைக்கடையில் காட்டிக் கேளுங்கள்.

படி 4: விலை

கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. ஷாப்பியில் ஒருவர் 5,000 ரிங்கிட் என்று போட்டிருந்தால் அது அவருடைய ஆசை. இபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. அந்த விலைகளைப் பாருங்கள். இணையத்தளம் பார்க்கத் தெரியாத பெரியவர்களுக்கு நான் சொல்லித்தரும் கேள்வி ஒன்றுதான்: “தம்பி, இதையே அடுத்த மாதம் கொண்டுவந்தால் நீங்கள் எவ்வளவுக்கு எடுத்துக்கொள்வீர்கள்?” நேர்மையான வியாபாரி ஒரு தொகை சொல்வார், குறைவாக இருந்தாலும். மற்றவர் பேச்சை மாற்றுவார்.

“உலகிலேயே 5,000 மட்டும்” என்பதையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரே பதக்கத்தைச் சிவப்புப் பெட்டியில் 5,000, நீலப் பெட்டியில் 5,000 என்று பிரித்து வெளியிடலாம். கூடவே வரும் சான்றிதழ் விற்பவரே அச்சடித்ததாக இருந்தால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. ஆகிய நாணயத் தரச்சான்று நிறுவனங்களின் உறையில் இருந்தால், அதிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் தட்டி, அங்குள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். உறையிலும் போலி இருக்கிறது.

படி 5: தமிழ்நாட்டிலிருந்து வரும் நாணயங்கள்

நம்மவர்களைக் குறிவைத்தே சில வருகின்றன. ராமர், சீதை, அனுமன் ஒரு பக்கமும், “கிழக்கிந்தியக் கம்பெனி”, “யு.கே.எல். ஒரு அணா”, 1717 அல்லது 1818 என்ற ஆண்டும் மறுபக்கமும் கொண்ட செப்புக் காசு அதில் முதன்மையானது. கம்பெனி இப்படி ஒரு நாணயத்தைப் புழக்கத்துக்கு விட்டதே இல்லை. கோயில் வாசல்களில் விற்ற வில்லை அது. பூஜை அறையில் வைக்க ஐந்து பத்து ரிங்கிட் கொடுத்தால் சரி. அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது, வெளிநாட்டார் கோடி கொடுப்பார்கள் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

1995இல் தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவத்துடன் வந்த 5 ரூபாய் நாணயம் உண்மையானது. முதல் மாநாடு 1966இல் நம் கோலாலம்பூரில் நடந்ததை எண்ணினால், மலேசியத் தமிழர் ஒவ்வொருவரும் வைத்திருக்க ஆசைப்படுவது நியாயமே. ஆனால் அது இந்தியக் கடைகளில் சில்லறையாகப் புழங்கிய காசு. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 5 ரூபாயும் அப்படியே. அவற்றைப் பெட்டியில் வைத்து நூற்றுக்கணக்கான ரிங்கிட் சொன்னால் கொடுக்காதீர்கள். ஊருக்குப் போகும் உறவினரிடம் சொன்னால் வாங்கி வருவார்.

இதற்கு நேர்மாறான மோசடியும் உண்டு. “உங்கள் பழைய காசை லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்” என்று வாட்சாப்பில் வரும். தங்கள் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணமும் வரியும் கேட்பதாக இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. உங்கள் காசை வாங்குகிறவர் உங்களிடம் பணம் கேட்க எந்தக் காரணமும் இல்லை.

படி 6: பணம் அனுப்பும்போதும் அதற்குப் பின்னும்

அனுப்பும் முன் விற்பவரின் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்க உதவும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். எடை, உலோகம், தூய்மை ஆகிய மூன்றையும் வாட்சாப்பில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள். நேரலையில் வாயால் சொன்னது நாளை இருக்காது. ரசீதில் “நாணயம்” என்று மட்டும் எழுதாமல் “வெள்ளி 925, இத்தனை கிராம்” என்று எழுதச் சொல்லுங்கள்.

இணைய மோசடிக்காரருக்குப் பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய மோசடித் தடுப்பு மையம் அது. எவ்வளவு விரைவாக அழைக்கிறீர்களோ அவ்வளவு வாய்ப்பு. கடைக்காரரோ வியாபாரியோ தவறாக விவரித்து விற்றிருந்தால் பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்றாண்டுகளுக்குள் பதிய வேண்டும். அங்கே அந்த ரசீதையும் வாட்சாப் உரையாடலையும் அச்செடுத்துக் கொண்டு போங்கள். நாணயத்தையும் அது வந்த பெட்டியையும் அப்படியே வைத்திருங்கள்.