வட்டமாகத் தெரிந்ததும் களிம்பு எழுதாதீர்கள்

தோல் பிரிவுக்குப் புதிதாக வருபவர்களின் குறிப்பேட்டில் "தொடையில் அரிப்புடன் தடிப்பு" என்ற ஒற்றை வரியே திரும்பத் திரும்ப வருகிறது. அளவு, விளிம்பு, செதில் எதுவும் இருக்காது. இரண்டு வாரம் கழித்துப் பார்ப்பவருக்கு அது பரவியதா, சுருங்கியதா என்றே தெரியாது. படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்றுகளில் புதியவர்கள் செய்யும் தவறுகளும், அவற்றைத் தவிர்க்கும் வழியும் இங்கே.

பெயருக்கு முன் விவரம்

விரலால் தடவிப் பாருங்கள். மேடு தட்டாமல் நிறம் மட்டும் மாறியிருந்து 1 செ.மீ.க்குள் இருந்தால் மேக்யூல், தாண்டினால் பேட்ச். மேடு தட்டினால் பாப்யூல். அந்த மேடு அகலமாகத் தட்டையாகப் பரந்திருந்தால் பிளேக் (plaque). காணாக்கடித் தடிப்பில் செதில் இருக்காது. அதைச் சுற்றிப் பேனாவால் கோடு போடுங்கள். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் அந்த இடத்தில் மறைந்துவிடும்.

ஸ்டீராய்டு கலந்த களிம்பு

மன்னிக்கவே முடியாத தவறு இதுதான். குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் சேர்ந்த களிம்பைப் படர்தாமரைக்குப் போட்டால் இரண்டு மூன்று நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கும். நோயாளிக்கு நிம்மதி, எழுதிக் கொடுத்தவருக்கு நல்ல பெயர். ஆனால் அடங்கியது உடலின் எதிர்ப்புதான், பூஞ்சை அல்ல. நிறுத்தியதும் முன்பைவிட அகலமாகத் திரும்பும். மறுபடி அதே களிம்பு. சில மாதத்தில் செதிலும் விளிம்பும் மங்கி, வளையத்துக்குள் வளையம் தோன்றி, பார்த்தால் படர்தாமரை என்றே சொல்ல முடியாது. சிலருக்குப் பூஞ்சை மயிர்க்கால் வழியே ஆழத்துக்கு இறங்கிவிடும். அதற்குக் களிம்பு எட்டாது, மாத்திரைதான். தொடை இடுக்கில் விழும் வரித்தழும்பு ஆயுளுக்கும் போகாது. ஆகவே உருக்குலைந்த தடிப்போடு வருபவரிடம் "இதுவரை என்ன தடவினீர்கள்?" என்று கேட்டு, டியூபையே கொண்டுவரச் சொல்லிப் படியுங்கள்.

நடுவில் சுரண்டுவது

படரும் விளிம்பில் சுரண்டுங்கள். சுரண்டிய செதில்மீது 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, செதில் கரையும்வரை பொறுத்து, நுண்ணோக்கியில் பூஞ்சை இழைகளைத் தேடுங்கள். களிம்பு தடவிக்கொண்டிருப்பவருக்கு இழை தெரியாததால் மட்டும் பூஞ்சை இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

வளையமெல்லாம் படர்தாமரை அல்ல

செதிலே இல்லாத வளையம் என்றால் கிரானுலோமா ஆனுலேரை (பூஞ்சையால் வராத ஒரு தோல் அழற்சி) நினையுங்கள். வெளிறிய திட்டு என்றால் பஞ்சு நுனியால் தொட்டுப் பாருங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் தொழுநோய்ப் பரிசோதனை உடனே வேண்டும்.

தலையில் படர்தாமரை

களிம்பு போதாது. மாத்திரை.

தேமல்

பூஞ்சை செத்த பிறகும் வெளிர் நிறம் மாதக்கணக்கில் நிற்கும். தோலை இழுத்துப் பிடித்துச் சுரண்டுங்கள். தூள் செதில் உதிரவில்லையென்றால் மருந்தை நீட்டாதீர்கள்.