முடிந்த ஏலத்தில் விலை கேட்க முடியாது: கிரிப்டோ பேக்டெஸ்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் என் மாமாவுக்குக் கணினி என்றால் மின்னேலத் திரை மட்டும்தான். ஒருநாள் அவரிடம் என் எக்செல் தாளைப் பெருமையாகக் காட்டினேன். பிட்காயினின் பழைய தினசரி விலைகளில் என் உத்தியை ஓட்டிப் பார்த்ததில் (இதற்குப் பெயர்தான் பேக்டெஸ்ட்), ஒரு லட்சம் ரூபாய் நான்கே ஆண்டுகளில் முப்பது லட்சமாகியிருந்தது. விதி எளியது: அன்றைய முடிவு விலை கடைசி இருபது நாள் விலைகளின் சராசரிக்கு மேலே போனால் வாங்குவது, கீழே வந்தால் விற்பது.

மாமா ஒரு வரிசையில் விரலை வைத்தார். “இந்த முடிவு விலை எப்போது தெரியும்?”

“நாள் முடிந்ததும்.”

“வாங்கியது?”

“அன்று காலை விலையில்.”

“முடிந்த ஏலத்துக்குள் திரும்பப் போய் எப்படி விலை கேட்பாய், மாப்பிள்ளை?”

அத்தனை லாபமும் அந்த ஒரு வரிசையில்தான் ஒளிந்திருந்தது. சராசரிக்கு மேலே முடியும் நாள் பெரும்பாலும் விலை ஏறிய நாளாகவே இருக்கும்; அந்த ஏற்றத்தை என் தாள் முன்கூட்டியே என் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது. வாங்கும் விலையை ஒரு வரிசை கீழே தள்ளி, மறுநாளின் தொடக்க விலையாக மாற்றினேன். முப்பது லட்சம் ஒன்றேகால் லட்சமாகச் சுருங்கியது. பேக்டெஸ்டில் அடிக்கடி நடக்கும் தவறு இது. பிழைச் செய்தி எதுவும் வராது, லாபம்தான் வரும்; அதனால் யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

இதற்கு ஒரு தம்பியும் உண்டு. நஷ்டத்தை நிறுத்த விற்கும் ஸ்டாப் லாஸ் விலை, லாபத்தோடு விற்கும் இலக்கு விலை இரண்டையும் ஒரே நாளின் கேண்டில் (அன்றைய தொடக்க, உச்ச, தாழ்வு, முடிவு விலைகளைக் காட்டும் குறி) தொட்டிருந்தால், எது முதலில் வந்தது என்று அந்தக் கேண்டில் சொல்லாது. நம் கை தானாகவே இலக்கை முதலில் போடும். நஷ்டம்தான் முதலில் வந்தது என்று வைத்துக் கணக்கிடுங்கள். இல்லையென்றால் நிமிட வாரியான விலையை எடுத்துப் பாருங்கள்.

லாபம் சுருங்கிய கோபத்தில் அடுத்த தவறைச் செய்தேன். இருபது நாள் சரியில்லையா, 5 முதல் 100 வரை எல்லா எண்ணையும் போட்டுப் பார்ப்போம் என்று இறங்கினேன். 31 பிரமாதமாக வந்தது. 30, 32 இரண்டும் படுத்துவிட்டன. பக்கத்து எண்களில் உயிர் இல்லாத உத்தி தற்செயல். தொண்ணூற்றாறு சீட்டு எடுத்தவனுக்கு ஒன்றிரண்டு பரிசு விழத்தான் செய்யும். இந்த ஆசைக்குக் கடிவாளம் ஒன்றுதான்: தரவின் கடைசிப் பகுதியைத் தொடாமல் எடுத்துவைத்து, விதியெல்லாம் முடிவான பிறகு ஒரே ஒரு முறை அதில் ஓட்டுங்கள். அங்கே தோற்றதும் விதியைத் திருத்தி மீண்டும் ஓட்டினால், அந்தப் பகுதியும் கெட்டுப்போய்விடும்.

எந்தக் காலத்தில் சோதிக்கிறோம் என்பதும் உண்டு. 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு வரத்து குறைந்து, 2019 ஆகஸ்டில் மலைக்கு அப்பால் இடுக்கியின் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த ஓராண்டை மட்டும் பார்த்தால், மூட்டையைக் கிடங்கில் போட்டுத் தூங்கியவனும் மேதைதான். 2021 நவம்பரில் பிட்காயின் 69,000 டாலரை எட்டும் வரையான ஓராண்டும் அப்படியே. 2020 மார்ச் வீழ்ச்சியும், விலை சரிந்துகொண்டே போன 2022-ம் உள்ளே இல்லாத சோதனையை நான் நம்புவதில்லை. சந்தை மதிப்பில் இன்றைய முதல் இருபது காயின்களை எடுத்துப் பழைய விலையில் ஓட்டுவதும் இதே ஏமாற்றுதான். 2022 மே மாதத்தில் ஒரே வாரத்தில் மண்ணான லூனா என்ற காயின் அந்தப் பட்டியலில் இருக்காது. அன்று நீங்கள் பட்டியல் போட்டிருந்தால் இருந்திருக்கும்.

கட்டணத்தைப் பலரும் சேர்க்கிறார்கள், வரியை மறந்துவிடுகிறார்கள். வெளிநாட்டில் எழுதப்பட்ட உத்தியை அப்படியே எடுத்தால் நம் ஊரில் அது வேறு பிராணி. 2022 ஏப்ரல் முதல் இங்கே கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி தனி. ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. சில விற்பனைகளில் 60,000 ரூபாய் லாபம், மற்றவற்றில் 50,000 நஷ்டம் என்றால் கையில் நிற்பது 10,000, வரியோ 18,000. லாபகரமான உத்தி 8,000 ரூபாய் நஷ்டத்தில் முடிகிறது. அதே ஆண்டு ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீத டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரிப் பிடித்தமும் உண்டு. ஒரு லட்சத்தை மொத்தமாக நூறு முறை வாங்கி விற்றால், விலை அசையாவிட்டாலும், கையில் சுழல்வது ஏறக்குறைய 36,600 ரூபாயாகிவிடும். பிடித்த தொகையில் வரி போக மீதியைக் கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற வேண்டும். அடிக்கடி வாங்கி விற்கும் உத்திகள் பெரும்பாலும் இங்கேயே விழுகின்றன.

இதையெல்லாம் தாண்டி நிற்கும் உத்தியைப் பணம் போடாமல் சில மாதம் நோட்டில் ஓட்டுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். பிட்காயினின் தினசரி கேண்டில் உலகப் பொது நேரப்படி நள்ளிரவில், அதாவது நமக்குக் காலை 5.30 மணிக்கு முடிகிறது. என் தாள் அந்த நொடியிலேயே வாங்கிவிடுகிறது, நோட்டிலோ 6.10, 6.45, ஒருநாள் போடிமெட்டு ஏற்றத்தில் சிக்னல் இல்லாமல் 8.20 என்று எழுதியிருக்கிறேன். இப்போது தாளிலும் ஒரு மணி நேரம் கழித்து வாங்குவதாக மாற்றி மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.