ஊரில் மதங்களுக்கிடையே உரையாடல் நடத்துவது எப்படி? தொடங்குவோருக்கான செய்முறை

1982 மார்ச்சில் குமரி மாவட்டம் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே கலவரம் மூண்டபோது, சைவ மடத் தலைவரான குன்றக்குடி அடிகளார் அங்கு சென்று அமைதிப் பணி ஆற்றினார். இத்தகைய பணியைக் கலவரம் வரும்வரை ஒத்திப்போட வேண்டியதில்லை. ஊர் அமைதியாக இருக்கும்போது தொடங்குவதே எளிது.

முதல் படி: நாள் குறிக்கும் முன், கலந்துகொள்ள வேண்டியவர்களை அவரவர் வீட்டில் தனித்தனியே சந்தியுங்கள். அர்ச்சகர், இமாம், பங்குத்தந்தை ஆகியோரின் இசைவு தேவைதான். ஆனால் அவர்களை மட்டும் அழைத்தால் மூன்று வாழ்த்துரைகள் கிடைக்குமே தவிர உரையாடல் நடக்காது. மீன் விற்பவர், ஆட்டோ ஓட்டுநர், சுய உதவிக் குழுப் பெண்கள் எனப் பதினைந்து பேருக்கு மேற்படாத குழு போதும்.

இரண்டாம் படி: நூலகம் அல்லது ஊராட்சிப் பள்ளியில் கூடுங்கள். வெள்ளி நண்பகல், ஞாயிறு காலை, நோன்பு மாத மாலை ஆகிய நேரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

மூன்றாம் படியே கடினமானது. மதத்தைப் பற்றி இனிமையாகப் பேசிவிட்டுச் சாதியைத் தொடாமல் எழுந்துவிடும் கூட்டங்களால் பயனில்லை என்பது என் கருத்து. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையும் அதன் பிற்காலத் திருத்தங்களும் இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்பதால், தலித் கிறித்தவருக்கு அந்தத் தகுதி இல்லை. சாதியோ அவரைத் தேவாலயத்துக்குள்ளும் பின்தொடர்கிறது. ஆகவே அனைவருக்கும் துண்டுச் சீட்டுக் கொடுத்து, ‘இவ்வூரில் எந்த வாசல்வரை நீங்கள் செல்ல முடிகிறது? உங்கள் வீட்டார் இறந்தால் எங்கே இடம் கிடைக்கும்?’ என்று கேளுங்கள். பெயர் எழுத வேண்டாம். சீட்டுகளைக் கலந்து நீங்களே வாசியுங்கள். வாசித்து முடியும்வரை எவரும் மறுத்துப் பேசக் கூடாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படியாக, ஊரில் உண்மையாகவே உரசல் தரும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி என்றால், இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை பொதுவாக அதற்குத் தடை விதிக்கும் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளை முதலில் படித்துக் காட்டுங்கள். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றுக்கும் விதி ஒன்றே என்பதால், நடத்துநர் ஒரு பக்கம் சாய்கிறார் என்ற ஐயம் எழாது.

கலையும் முன் முடிவுகளை எழுதிக் கையொப்பம் பெறுங்கள். வாட்ஸ்அப்பில் வதந்தி வந்தால் யார் யாரைத் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்வது என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.