நாற்பதுக்கு மேல் ஷட்டில், நடை, மாடித்தோட்டம்: வலி வந்தால் நாம் செய்யும் தவறுகள்

பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்து, வீட்டுக்கடனும் ஒரு வழிக்கு வந்த பிறகுதான் நம்மில் பலருக்குப் பொழுதுபோக்கு என்ற ஒன்று திரும்பக் கிடைக்கிறது. கல்லூரியோடு விட்ட ஷட்டில் மட்டையை எடுக்கிறோம், மாடியில் நாலு தொட்டி வைக்கிறோம், காலை நடைக்குக் கிளம்புகிறோம். ஓரிரு மாதத்தில் குதிகால் வலி, முழங்கை வலி, தோள்பட்டை இறுக்கம் என்று ஏதோ ஒன்று வந்து நிற்கிறது. "வயசாயிடுச்சு, இனிமே இதெல்லாம் எதுக்கு" என்று மட்டை பரணுக்குப் போய்விடுகிறது. அப்படி விட்டவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். இந்த வலிகளில் பெரும்பாலானவை பழக்கமில்லாத உடம்பின் மேல் திடீரென்று ஏற்றிய சுமையால் வருபவை. சுமையைக் குறைத்து, படிப்படியாக ஏற்றினால் பலரும் விளையாட்டையோ தோட்டத்தையோ விடவேண்டிய அவசியமே இருக்காது.

புதிதாக ஒன்றைத் தொடங்கினால் மூச்சு வாங்குவது சில வாரங்களிலேயே குறைந்துவிடும், தசையும் ஓரளவு வலுப்பெறும். ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் உறுதிப்பட மாதக்கணக்கு ஆகும். முதல் மாதம் உற்சாகமாகப் போவதும், "நல்லாத்தானே இருக்கேன்" என்று நேரத்தை இரட்டிப்பாக்கிய பிறகு வலி வருவதும் இதனால்தான்.

ஷட்டிலையே எடுத்துக்கொள்வோம். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஞாயிறு காலை இன்டோர் கோர்ட்டில் போய் இறங்கியதுமே ஆட்டம், அதுவும் இரண்டு மணி நேரம். காசு கொடுத்த நேரத்தை வார்ம்-அப்பில் வீணாக்குவானேன் என்ற கணக்கு. திடீரென்று முன்னால் பாய்வதும், பின்னால் நகர்ந்து எம்பி அடிப்பதும் இந்த ஆட்டத்தில் அதிகம். அந்த விசை கெண்டைக்காலிலிருந்து குதிகாலுக்கு இறங்கும் தடித்த நாணின் மேல்தான் விழுகிறது. 30 முதல் 50 வயதுக்குள் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்களுக்கு அது அறுந்துபோவது எலும்பு மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம். அறுந்தவர்கள் பலரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. சிலருக்கு ‘டப்’ என்று சத்தமும் கேட்கும். அதன் பிறகும் நொண்டி நொண்டி நடக்க முடிவதால் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவிவிடுகிறார்கள். இது பெரிய தவறு. அந்த ஒற்றைக் காலில் நுனிப்பாதத்தால் எழும்பி நிற்க முடியவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் சிகிச்சை கடினமாகிவிடும்.

ஆட்டத்துக்கு முன்னால் பத்து நிமிடம் மெதுவாக ஓடி, கால் கைகளைச் சுழற்றிச் சூடேற்றிக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி செய்தால் அந்த நாண் பலப்படும். காலணியிலும் ஒரு தவறு நடக்கிறது. ஓட்டத்துக்கான ஷூவில் குதிகால் பக்கம் உயரமாகவும் மெத்தென்றும் இருக்கும். நேராக ஓடத்தான் அது வசதி. கோர்ட்டில் பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்கால் மடங்கிவிடும். இந்த ஆட்டத்துக்கென்றே வரும் தட்டையான, கோடு விழாத அடிப்பாகமுள்ள ஷூவை வாங்குங்கள். மட்டையின் நரம்பை 28 பவுண்டுக்கு இறுக்கிக் கட்டச் சொல்வதும் நமக்குத் தேவையில்லாத வேலை. பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கு 20 முதல் 24 பவுண்டு போதும். முழங்கைக்கும் அதிர்ச்சி குறையும்.

முழங்கை என்றதும் இன்னொன்று. ‘டென்னிஸ் எல்போ’ என்று மருத்துவர் சொன்னதும் "நான் டென்னிஸே ஆடினதில்லையே" என்பார்கள். முழங்கையின் வெளிப்பக்கத்தில் வரும் இந்த வலி, எதையாவது இறுகப் பிடித்து முறுக்கும் எல்லோருக்கும் வரும்: செடி கத்தரிப்பவர், துணி பிழிபவர், ஸ்க்ரூடிரைவர் பிடிப்பவர். ஒரே நாளில் எல்லாச் செடியையும் கத்தரித்து முடிப்பதை நிறுத்தினாலே பாதி குறையும்.

அடுத்தது நடை. பத்தாயிரம் அடி என்ற எண், 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆய்வில் கண்டுபிடித்ததல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும். அந்த இரண்டாவது பாதியை நாம் யாரும் கண்டுகொள்வதே இல்லை. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை அமைத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இதுவரை தெருமுனை வரைக்குமே பைக்கில் போனவர் முதல் நாளே எட்டையும் முடித்துவிட்டுக் குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்காரக்கூடாது. இருபது நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்குச் சில நிமிடங்கள் கூட்டினால் போதும்.

அந்தக் குதிகால் வலியைத்தான் நாம் மிகவும் தவறாகக் கையாள்கிறோம். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் சுரீரென்று குத்தும், கொஞ்சம் நடந்ததும் குறையும். குதிகாலிலிருந்து விரல்கள்வரை பாதத்தின் அடியில் ஓடும் திசுப்பட்டை புண்பட்டிருப்பதன் அடையாளம் அது. எக்ஸ்ரேயில் "எலும்பு வளர்ந்திருக்கு" என்று சொல்லிவிட்டால் பயந்துவிடுகிறார்கள். அந்த எலும்பு வளர்ச்சி வலியே இல்லாதவர்கள் பலருக்கும் இருக்கிறது. வெளியே விலை உயர்ந்த ஷூ போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் நாள் முழுக்க டைல்ஸிலும் கிரானைட்டிலும் வெறுங்காலில் நடப்பதுதான் பலருக்கு வலியை நீட்டிக்கிறது. வீட்டுக்குள் போட ஒரு மெத்தென்ற செருப்பை வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையை விட்டு இறங்கும் முன் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி விரல்களைத் தன்பக்கம் இழுத்து, அரை நிமிடம் நிறுத்தி, சில முறை செய்யுங்கள். கெண்டைக்காலையும் அதேபோல் நீட்டுங்கள். சில மாதம் ஆகும்; பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிவிடும்.

சூடான செங்கல் மேல் எருக்கிலை வைத்துக் குதிகாலை அழுத்துவது நம் வீடுகளில் பழைய கைமருந்து. சூட்டில் இதம் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குத் தோல் வெந்துபோவதே தெரியாது. எருக்கம்பால் கண்ணில் பட்டாலும் ஆபத்து. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதற்காகவே, பூங்காவில் கூழாங்கல் பதித்த பாதையில் வெறுங்காலோடு எட்டு போட்டு நடப்பதையும் சர்க்கரை நோயாளிகள் தவிர்க்க வேண்டும். எட்டு நடையைச் செருப்போடும் நடக்கலாம்.

மாடித்தோட்டத்தில் வலிக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர். 20 லிட்டர் வாளி என்றால் 20 கிலோ. அதைக் குனிந்து தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பினால் முதுகு பிடித்துக்கொள்ளும். ஒரு ஹோஸ் வாங்கிவிடுங்கள், அல்லது வாளியைப் பாதி நிரப்பி இரண்டு நடை நடங்கள். செடிப் பைகளைத் தரையில் வரிசையாக வைக்காமல் ஸ்டாண்டில் இடுப்பு உயரத்துக்கு ஏற்றினால் முழங்காலுக்கும் நிம்மதி. முழங்கால் வலி இருக்கிறது என்று நடப்பதையே நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. தொடைத் தசை தளரத் தளர மூட்டின் மேல் பாரம் கூடும். அப்புறம், ரோஜா முள் குத்தியதைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்து வருடம் ஆகிவிட்டதா என்று பாருங்கள்.

தோள்பட்டை விஷயம் கொஞ்சம் வேறு. தலைவார, பின்பக்கக் கொக்கி மாட்ட, பின்பாக்கெட்டில் கைவிட முடியாமல் மெல்ல மெல்லத் தோள் இறுகினால் அது ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ ஆக இருக்கலாம். 40 முதல் 60 வயதில், பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அதிகம் வருகிறது. அதனால் தோள் இறுகினால் ஒருமுறை சர்க்கரையையும் பரிசோதித்துவிடுங்கள். கையை அசைக்காமலே வைத்திருப்பதும் தவறு, யாரிடமாவது போய் ‘டக்’கென்று இழுத்துவிடச் சொல்வதும் தவறு. வலி தாங்குகிற அளவுக்குத் தினமும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றிரண்டு வருடம்கூட ஆகலாம், பொறுமை வேண்டும்.

கண்ணுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தைக்கும்போதோ படிக்கும்போதோ கையை நீட்டிப் பார்க்கத் தொடங்கினால் அது வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டால் பார்வை கெடும் என்பது பொய். கடையில் தொங்கும் ரெடிமேட் கண்ணாடியோடு நிறுத்திக்கொள்ளாமல், கண் அழுத்தத்தையும் பரிசோதித்துவிடுங்கள். கண்ணழுத்த நோய் பெரும்பாலும் அறிகுறி காட்டாமலே பார்வையைத் தின்றுவிடும்.

எவ்வளவு செய்யலாம் என்பதற்கு மறுநாள் காலையைப் பாருங்கள். நேற்றைய ஆட்டத்தால் இன்று வலி கூடியிருந்தால் அடுத்த முறை நேரத்தைக் குறையுங்கள். பழைய நிலைக்கே வந்திருந்தால் அதே அளவில் தொடரலாம். வலியை மறைத்துக்கொண்டு ஆடுவதற்காக மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வது கூடவே கூடாது. பல நாள் தொடர்ந்தால் வயிற்றில் புண், சிறுநீரகப் பாதிப்பு, ரத்தக்கொதிப்பு என்று வந்து சேரும்.

நடக்கும்போதோ ஆடும்போதோ நெஞ்சில் பாரம் வைத்தது போல் அழுத்தி, நின்றதும் விட்டுப்போகிறது என்றால், மேலே சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. அது தாடைக்கோ இடது கைக்கோ பரவலாம், வியர்த்துக் கொட்டலாம். "வாயு பிடிச்சிருக்கு" என்று சோடா குடித்துவிட்டு மறுபடியும் நடக்கப் போவதை நம் ஊரில் இன்னும் நிறுத்த முடியவில்லை. விட்டுப்போனாலும் அன்றே மருத்துவரைப் பார்த்து இசிஜி எடுங்கள். ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் விடவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள், நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.