விண்டோஸ் 11-க்கு மாறியபின் பழைய ஃபோல்டர் திறக்க மறுத்தால்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்ததால், பெங்களூரு அல்சூரில் கணக்கு எழுதும் நண்பர் ஒருவர் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவினார். மறுநாள் டி டிரைவிலிருந்த பழைய கணக்கு ஃபோல்டரைத் திறக்க அவருக்கே அனுமதி இல்லை என்று கணினி சொல்லிவிட்டது.

பெயர் ஒன்றாகவே இருந்தாலும், புதிய பயனர் கணக்குக்கு வேறு அடையாள எண் கிடைப்பதே காரணம். ஃபோல்டரை வலது கிளிக் செய்து பிராப்பர்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று சென்றால், உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஸ்-1-5-21 எனத் தொடங்கும் நீண்ட எண் நிற்பதைக் காணலாம்.

நிர்வாகி கணக்கில் நுழைந்து, அதனருகிலுள்ள சேஞ்சை அழுத்தி, உங்கள் பயனர் பெயரைத் தட்டச்சு செய்து, உள்ளிருக்கும் கோப்புகளுக்கும் உரிமையாளரை மாற்றும் பெட்டியில் டிக் செய்து, அப்ளை கொடுங்கள். பிறகு செக்யூரிட்டி பகுதியில் எடிட் வழியாக உங்கள் பெயரைச் சேர்த்து ஃபுல் கன்ட்ரோலும் தர வேண்டும். உரிமையாளர் ஆவதும் படிக்கும் அனுமதி பெறுவதும் வேறு வேறு என்பதால், பலர் தடுமாறுவது இங்கேதான்.

சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டரில் மட்டும் இதைச் செய்யவே கூடாது. ஃபோல்டர் திறந்தும் மென்பொருளால் அதில் சேமிக்க முடியவில்லை என்றால், விண்டோஸ் செக்யூரிட்டி என்ற செயலியின் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீய மென்பொருள்) பாதுகாப்புப் பகுதியில் அந்த மென்பொருளை அனுமதியுங்கள்.