கொச்சிக்குப் போறீங்களா? எர்ணாகுளத்தில் தங்காதீங்க

நம்ம கோவை, திருப்பூர்ப் பக்கத்துக்காரர்களுக்குக் கிட்டத்தில் இருக்கிற பெரிய கடற்கரை ஊர் சென்னை இல்லை, கொச்சிதான். கோவையிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர், குதிரான் சுரங்கம் திறந்த பிறகு மலை ஏறி இறங்குகிற தொல்லையும் போச்சு. ஆனா போய்ட்டு வந்தவங்களைக் கேட்டா பாதிப்பேர் ஒரே கதைதான் சொல்றாங்க: லுலு மாலுக்குப் போனோம், மெரைன் டிரைவில் நின்னு போட்டோ எடுத்தோம், திரும்பிட்டோம். மெரைன் டிரைவில் பார்த்தது கடலே இல்லைங்க, காயல், அதாவது உப்பங்கழி. கொச்சியில் பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி அந்தத் தண்ணிக்கு அக்கரையில்தான் இருக்கு: ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, வைப்பின், செறாயி, கும்பளங்கி. அதனால் ரூமை இக்கரை எர்ணாகுளத்தில் போடாமல் அக்கரையில் போடுங்க, குறைஞ்சது ஒரு ராத்திரியாவது.

முதலில் கிழமை. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, பக்கத்திலேயே இருக்கும் யூதர் கோயிலுக்கு சனிக்கிழமை விடுமுறை. இது தெரியாமல் நாங்க சனிக்கிழமை போய், பூட்டின கதவைப் பார்த்துட்டு வந்தோம். சனி, ஞாயிறு லீவில் போறவங்க சனிக்கிழமையை வைப்பின் பக்கத்துக்கு வெச்சுக்கிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரி போங்க. மாதம் என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜூன், ஜூலையில் நமக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சாரல் அடிக்கும்போது அங்கே கொட்டித் தீர்க்கும். டிசம்பர் 31 ராத்திரி பப்பாஞ்ஞிங்கிற பெரிய தாத்தா பொம்மையை எரிக்கிறதைப் பார்க்க ஃபோர்ட் கொச்சியில் கூடுகிற கூட்டத்தில் குழந்தைகளைக் கூட்டிக்கிட்டு மாட்டிக்காதீங்க.

ரயிலில் போனால் எர்ணாகுளம் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடிச்சு ஹைகோர்ட் பக்கம் வாட்டர் மெட்ரோ படகுத்துறைக்குப் போங்க. 2023 ஏப்ரலில் ஆரம்பிச்சது, பேட்டரியில் ஓடுகிற ஏசி படகு. அங்கிருந்து வைப்பினுக்கும் போகலாம், ஃபோர்ட் கொச்சிக்கும் போகலாம். அரசாங்கப் படகு தனியா இருக்கு, அது சில்லறைக் காசுக்கே கொண்டுபோய் விடும். காத்து முகத்தில் அடிக்கணும்னா அதுதான் சரி. காரில் போறவங்களுக்கு ஒரு வழி சொல்றேன். நகரத்துக்குள்ளே நுழையவே வேண்டாம். அங்கமாலி பக்கத்தில் பிரிஞ்சு வடக்குப் பறவூர் போய் நேரா செறாயிக்கு இறங்கிடலாம். அப்புறம் வைப்பின் தீவு முழுக்கத் தெற்கே ஓட்டிக்கிட்டு வந்தா முனையில் ரோரோ படகு நிற்கும், காரோடு ஏறினா சில நிமிஷத்தில் ஃபோர்ட் கொச்சி. சாயங்காலம் வரிசை நீளும், காலையில் ஏறிடுங்க.

செறாயியில் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் காயல், நடுவில் ஒத்தை ரோடு. கீழ்பவானி வாய்க்காலில் பாலத்து மேலிருந்து குதிச்சவன் நான்னு யாராவது ஒரு மச்சான் உங்க கூட்டத்திலும் இருப்பார். அவரைப் பிடிச்சு வைங்க. வாய்க்கால் ஒரே பக்கமா இழுக்கும், எங்கே கரையேறலாம்னு தெரியும். கடல் திரும்பும்போது காலுக்கடியில் மண்ணையே உருவிக்கிட்டுப் போகும். இடுப்பளவுக்கு மேல் வேண்டாம், கடற்கரைக் காவலர் விசில் அடிச்சா வெளியே வந்துடுங்க.

ஃபோர்ட் கொச்சியில் சீனவலையைத் தூரத்திலிருந்து படம் எடுத்துட்டு நகராமல் பக்கத்தில் போய் நில்லுங்க. நம்ம ஏற்றம் மாதிரிதான் கணக்கு. ஒரு முனையில் வலை, மறுமுனையில் கயிற்றில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்ட பாறாங்கல். நாலைஞ்சு பேர் கயிற்றை இழுக்க இழுக்க ஒவ்வொரு கல்லா வந்து தரையில் உட்காரும், அந்தப் பக்கம் வலை சொட்டச் சொட்ட மேலே வரும். அத்தனை பாடுபட்டு உள்ளே பார்த்தா ஒரு கைப்பிடி மீன். பக்கத்தில் மீன் வாங்கிச் சமைச்சுத் தரச் சொல்லலாம்; மீன் விலை, சமைக்கிற கூலி ரெண்டையும் முன்னாடியே பேசிடுங்க. நான் பேசாமல் உட்கார்ந்து, பில் வந்தப்ப முழிச்சேன்.

புனித பிரான்சிஸ் தேவாலயம் நடக்கிற தூரம்தான். வாஸ்கோ ட காமாவை 1524இல் புதைச்ச இடம், அப்புறம் எலும்பைப் போர்ச்சுகலுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க, கல் மட்டும் இருக்கு. பத்து நிமிஷம் போதும். அதைவிட எனக்குப் பிடிச்சது வேளி பக்கத்தில் இருக்கும் தோபி கானா. டச்சுக்காரங்க காலத்தில் சிப்பாய்களுக்குத் துணி வெளுக்க வந்த தமிழ்க் குடும்பங்களின் வழியில் வந்தவங்க இன்னும் அங்கே வெளுக்கிறாங்க, தமிழில் பேசலாம். கிளிப்பே கிடையாது. முறுக்கின கயிற்றுப் புரிக்குள்ளே துணி முனையைச் செருகி விட்டுடறாங்க, கடல் காத்துக்கும் அசையாது. திருப்பூர்க்காரன் எனக்கே அங்கே அரை மணி நேரம் போச்சு. வேலை நடக்கிற இடம், கேட்டுட்டுப் படம் எடுங்க.

விவசாயக் குடும்பமா இருந்தா கும்பளங்கிக் கிராமத்தை விட்டுடாதீங்க. உப்புத்தண்ணிக்குத் தாங்குகிற பொக்காளி நெல் அந்தப் பக்கத்துப் பயிர். மழைக்காலத்தில் உப்பு கரைஞ்சதும் நடுவாங்க, கதிரை மட்டும் அறுத்துட்டுத் தாளை விட்டுடுவாங்க. அப்புறம் மதகைத் திறந்து காயல் தண்ணியை விட்டா அதே வயலில் இறால். தாள் அழுகி அதுக்குத் தீனி. உரம் வாங்கி வாங்கி நொந்தவங்க இதைக் கேட்டா கொஞ்சம் வயிறு எரியும்.

சாப்பாட்டில் ஒண்ணு. ஓட்டலில் இளஞ்சிவப்பா வெந்நீர் வைப்பாங்க. எங்க அம்முச்சி, "என்னங்கண்ணு, கலங்கின தண்ணியைக் கொண்டாந்து வெக்கிறான்"னு தொடவே இல்லை. பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சின தண்ணி அது, தைரியமாக் குடிங்க. பெரிய சிவப்பு அரிசிச் சோறு பெரியவங்களுக்கு இறங்காது, வெள்ளைச் சோறு இருக்கான்னு உட்காரும் முன்னாடியே கேட்டுடுங்க.

ஞாயிற்றுக்கிழமை திரும்பறதா இருந்தா மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பிடுங்க, இல்லைன்னா ராத்திரி சாப்பிட்டுட்டு நிதானமா வாங்க. நடுவில் கிளம்பினா நெரிசலில் திருச்சூர் தாண்டறதுக்குள்ளே பசங்க மூணு தடவை "ஊர் வந்துருச்சா"ன்னு கேட்டுடுவாங்க.