புற்றுநோய்க்குப் பயந்து சாப்பாட்டில் நாம் செய்யும் தவறுகள்

பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த வாரம், பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு 'வேண்டாம்' சொல்லிவிட்டுப் போனார்கள். சர்க்கரை வேண்டாம். பால் வேண்டாம். முட்டை சூடு. கோழிக்கு ஊசி போட்டு வளர்க்கிறார்கள், தொடவே கூடாது. பெரியம்மா எதையும் மறுக்கவில்லை. மூன்றாவது கீமோ முடிந்தபோது அவருடைய சாப்பாடு அரிசிக் கஞ்சியும் பருப்புத் தண்ணியும்தான். நடுவில் முள்சீத்தா என்ற பழ மரத்தின் இலைக் கஷாயம் வேறு. 58 கிலோ இருந்தவர் 49-க்கு இறங்கியிருந்தார். உடம்பு தாங்காது என்று நான்காவது கீமோவைத் தள்ளிப் போட்டார்கள்.

அன்றைக்கு உணவியல் நிபுணர் எங்களை உட்கார வைத்து, "கட்டிக்குப் பட்டினி போடறதா நினைச்சு அம்மாவைப் பட்டினி போட்டுட்டீங்க" என்றார். எங்களில் யாருக்கும் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது.

சர்க்கரையில் தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். புற்றணுக்கள் குளுக்கோஸை அதிகமாக உறிஞ்சுவது உண்மைதான். ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே அதைக் கண்டு சொன்னார். குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளை ஊசியில் ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிவதும் அதனால்தான். ஆனால் காபியில் சர்க்கரையை நிறுத்தினால் ரத்தத்தில் குளுக்கோஸ் தீர்ந்துவிடாது. உடம்பு அதைச் சோற்றிலிருந்து எடுக்கும், அதுவும் கிடைக்காவிட்டால் தசையைக் கரைத்துக் கல்லீரல் அதைத் தயாரித்துவிடும். கட்டிக்குப் போவது போய்க்கொண்டேதான் இருக்கும், இளைப்பது நோயாளிதான்.

சர்க்கரை செய்யும் தீங்கு வேறு வழியில் வருகிறது. குளிர்பானம், இனிப்பு என்று வருடக்கணக்கில் ஏறும் எடை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016-ல் 13 வகைப் புற்றுநோய்களை உடல் பருமனோடு தொடர்புபடுத்தியது. பெருங்குடல், கருப்பை உள்சுவர், சிறுநீரகம், கணையம் எல்லாம் அதில் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. அந்த வயதில் கூடும் எடை மார்பகப் புற்றுநோய் வாய்ப்பையும் கூட்டுவது இதனால்தான். ஆக, நன்றாக இருக்கும்போது தினசரி குளிர்பானத்தை நிறுத்துவது நல்ல காரியம். சிகிச்சையில் இருப்பவர், எதுவும் இறங்காத நாளில், ஆசையாகக் கேட்கும் இரண்டு கரண்டி பாயசத்தைப் பிடுங்குவதில் ஒரு நன்மையும் இல்லை. சர்க்கரை நோயும் இருப்பவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிகிச்சைக் காலத்துப் பத்தியம்தான் என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அந்த நேரத்தில் ஒரு கிலோ எடைக்குக் குறைந்தது 1 கிராம், முடிந்தால் 1.5 கிராம் புரதம் தேவை என்பது மருத்துவ வழிகாட்டுதல். 50 கிலோ இருப்பவருக்கு நாளுக்கு 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். கஞ்சியை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை எட்டவே முடியாது. நன்றாக வெந்த முட்டை, மீன், கோழி, தயிர், சுண்டல், பனீர் என்று எது இறங்குகிறதோ அதைக் கொடுக்கலாம், ஒரே வேளையில் திணிக்காமல் ஆறு வேளையாகப் பிரித்து. கவலைப்பட வேண்டியது சுத்தத்தைப் பற்றித்தான். கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது அரைவேக்காட்டு முட்டையும் கடைச் சட்னியும் ஆபத்து. பிராய்லர் கோழி வேகமாக வளர்வது ரகத்தாலும் தீவனத்தாலும், ஹார்மோன் ஊசியால் அல்ல.

முள்சீத்தா பற்றியும் சொல்லியாக வேண்டும். அதன் சாறு ஆய்வகத் தட்டில் புற்றணுக்களைக் கொன்றது உண்மை. தட்டில் பல பொருட்கள் கொல்லும், பினாயில்கூடக் கொல்லும். மனிதர்களுக்கு அது நோயைக் குணமாக்கும் என்று காட்டிய தரமான ஆய்வு ஒன்றும் இல்லை. அதில் அனோனசின் என்றொரு நரம்பு நச்சு இருக்கிறது. கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் தீவில், வழக்கமான மருந்துக்கு அடங்காத ஒரு வகை நடுக்குவாத நோய் ஏன் இவ்வளவு பேருக்கு வருகிறது என்று தேடியபோது, இந்தப் பழமும் இலைக் கஷாயமும்தான் சந்தேகத்துக்கு உள்ளாயின. 1999-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. எங்கள் வீட்டில் அந்தக் கஷாயத்தைத் தினமும் இரண்டு டம்ளர் கொடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

'சத்துதானே, மாத்திரையாகப் போட்டால் என்ன' என்பது அடுத்தது. கேரட், கீரை அதிகம் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைப் பார்த்து, அவற்றில் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். 1994-ல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வில் 28 சதவீதம் கூடியதால் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். கீரை கீரையாக இருக்கும்போது செய்வதை, அதிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள் செய்யும் என்று நம்பக் கூடாது. மஞ்சளும் அப்படித்தான். குழம்பில் போடுவதில் எந்தத் தடையும் இல்லை. மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த குர்குமின் மாத்திரையை மட்டும் கீமோ நடக்கும்போது மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது.

செய்திகளைப் படிப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அதே முகமை, புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சாசேஜ், சலாமி, ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சியையும் சேர்த்தது. 'சிகரெட்டும் சாசேஜும் ஒன்று' என்று உடனே பரவிவிட்டது. அந்தப் பிரிவு சொல்வது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை மட்டும்தான். ஆபத்து எவ்வளவு என்பது தனிக் கணக்கு. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றார்கள். நூற்றில் ஐந்து பேருக்கு வரக்கூடிய இடத்தில் அது ஏறக்குறைய ஆறாகும். புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு இந்த முதல் பிரிவிலேயே வராது. அது ஆதாரம் அவ்வளவு உறுதியாக இல்லாத அடுத்த பிரிவு. வாரத்துக்கு அரைக் கிலோவுக்குள் என்பதே அதற்கான அறிவுரை.

இத்தனைக்கும் பயப்படும் நாம், பயப்பட வேண்டியவற்றை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறோம். 'புகையிலை போடறதில்ல, வெறும் பாக்குதான்' என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். புகையிலை இல்லாத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்பது 2004-லேயே உறுதியாகிவிட்டது. பாக்கில் உள்ள அரிகோலின் வாயின் உள்தோலை நார் நாராக இறுக்குகிறது. முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு கன்னம் விறைக்கும். வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். இந்த நிலையில் இருப்பவர்களில் சிலருக்கு அது வாய்ப் புற்றுநோயாகவே மாறுகிறது. கல்யாண வீட்டுப் பந்தி முடிந்ததும் இனிப்புப் பாக்கைக் குழந்தைகள் கையில் கொடுப்பதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

மதுவும் 1988-லிருந்து முதல் பிரிவில் இருக்கிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் வரை அதன் கை நீள்கிறது. பீரோ ஒயினோ அதில் வித்தியாசம் இல்லை. பூசணம் பிடித்த நிலக்கடலை இன்னொன்று. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. அவை தின்ற கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சை நச்சுதான் காரணம், அதற்கு அஃப்லாடாக்சின் என்று பேர் வைத்தார்கள். அது கல்லீரலைக் குறிவைக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கிப்போன, நிறம் மாறிய, வாயில் வைத்ததும் கசக்கும் கடலையைத் துப்பிவிட வேண்டும். பொறுக்கி எடுத்துவிட்டுச் சட்னி அரைக்காமல் அந்தப் பாக்கெட்டையே தூக்கிப் போடுவது நல்லது. ஆவி பறக்கும் டீயும் அப்படி. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்க்கு ஆகாது, ஓர் ஐந்து நிமிஷம் ஆறட்டும்.

நல்லது செய்யும் சாப்பாடு என்று உறுதியாகச் சொல்லக்கூடியது நார்ச்சத்துதான். தினமும் 10 கிராம் நார்ச்சத்து கூடினால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 10 சதவீதம் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். கம்பு, கேழ்வரகு, பயறு, அவரை, கீரைத் தண்டு எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

பெரியம்மா ஒரு ராத்திரி என்னிடம் கேட்டார், "நான் என்னடா தப்பா சாப்பிட்டேன்?" வாழ்நாள் முழுக்க சைவம், வீட்டுச் சாப்பாடு. சைவத்துக்கு வராது என்று நம்பித்தான், தட்டுப்பட்ட கட்டியை ஐந்து மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். முட்டைகூட எங்கள் வற்புறுத்தலால்தான் பிறகு தொட்டார். ஒருவருக்கு வந்த நோயை அவர் சாப்பிட்ட எந்த ஒரு பண்டத்தின் மேலும் போட முடியாது. சாப்பாடு வாய்ப்பைக் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். கருப்பை வாய்ப் புற்றுநோய் ஹெச்பிவி கிருமியால் வருகிறது, அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் ஹெபடைடிஸ் பி-க்கும் இருக்கிறது. எந்தக் கீரையும் அந்த ஊசிகளுக்கும் மார்பகப் பரிசோதனைக்கும் ஈடாகாது. அன்றைக்கு அவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "நீங்க எதுவும் தப்பா சாப்பிடல பெரியம்மா" என்று மட்டும் சொன்னேன்.

சர்க்கரை வேண்டாம் என்று முதலில் சொன்னவர் எங்கள் மாமா. சொல்லும்போது அவர் கன்னத்தில் பாக்கு இருந்தது. பெரியம்மாவின் சிகிச்சை முடிந்த பிறகு ஒருநாள் அவரை உட்கார வைத்து, மூன்று விரலைச் சேர்த்துச் செங்குத்தாக வாய்க்குள் விடச் சொன்னேன். நன்றாக இருக்கும் வாயில் மூன்றும் நுழையும். அவருக்கு இரண்டே நுழைந்தது. மறுநாளே பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனோம். பாக்கை விட்டு எட்டு மாதம் ஆகிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டிவிட்டு வருகிறார்.